குடியை விட்ட பிறகு சிகிச்சையா, விடாமலிருக்கும்போதேவா?

மது, ஹெராயின் போன்றவற்றின் பிடியில் இருப்பவர்களுக்கான உளச்சிகிச்சையில் அமெரிக்காவில் இரண்டு வழிகள் நெடுங்காலமாக எதிரெதிரே நிற்கின்றன. ஒன்று, 1935இல் ஒஹாயோ மாநிலத்தின் ஆக்ரன் நகரில் பிறந்த, குடிநோயாளிகள் ஒருவருக்கொருவர் துணைநிற்கும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் இயக்கம் மீட்சிக்கு வகுத்த பன்னிரண்டு படிகளை அடித்தளமாகக் கொண்ட முழுத் தவிர்ப்பு. மற்றொன்று, சியாட்டிலின் ஆலன் மார்லட், சான்பிரான்சிஸ்கோவின் பாட் டென்னிங், நியூயார்க்கின் ஆண்ட்ரூ டடார்ஸ்கி போன்ற உளவியலாளர்கள் வளர்த்தெடுத்த தீங்கு குறைப்பு. முன்னதில் அடியோடு நிறுத்துவதே இலக்கு; பின்னதில் அது எட்டக்கூடிய முடிவுகளில் ஒன்று மட்டுமே. இன்னும் குடித்துக்கொண்டிருப்பவரும் அங்கே வந்து உட்காரலாம்; வெறும் வயிற்றில் குடிக்காமலிருப்பது, குடித்தபின் வண்டியைத் தொடாமலிருப்பது என்ற அளவிலேயே பேச்சைத் தொடங்கலாம்.

இரண்டும் உண்மையில் பிரியும் இடம் சறுக்கல்தான். பல மாதங்கள் குடிக்காமலிருந்த ஒருவர் ஒரு கோப்பை குடித்துவிட்டால், வெள்ளம் தலைக்கு மேல் போனபின் சாண் என்ன, முழம் என்ன என்று எண்ணி முழுப் புட்டியையும் காலி செய்வதை மார்லட் கூர்ந்து கவனித்தார். அந்த ஒரு கோப்பையைக் காட்டிலும், அதையொட்டி எழும் குற்ற உணர்வும் நம்பிக்கையிழப்புமே மறுவீழ்ச்சிக்கு வழிவிடுகின்றன என்பது அவர் வாதம். இந்த நிலையில், குடித்துவிட்டு வந்தார் என்பதற்காகவே ஒருவரை வெளியேற்றும் மையம், நோயின் அறிகுறியைக் காரணம் காட்டி நோயாளியை அனுப்பிவிடுகிறது என்றே எனக்குத் தோன்றுகிறது. இந்தப் பழியை ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் மீது சுமத்துவது நியாயமில்லை என்பதையும் சொல்ல வேண்டும்; குடியை நிறுத்தும் விருப்பம் ஒன்றைத் தவிர உறுப்பினரிடம் அவ்வியக்கம் வேறெதையும் கேட்பதில்லை.

பலனை ஒப்பிடும்போது எந்த அளவுகோல் என்பதே முதற்கேள்வி. 27 ஆய்வுகளையும் 10,565 பேரையும் உள்ளடக்கி மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2020இல் வெளியிட்ட தொகுப்பாய்வு, தொடர்ந்து குடிக்காமலிருப்பதை அளந்தால் பன்னிரண்டு படி சார்ந்த முறையான சிகிச்சைகள் மற்றச் சிகிச்சைகளை விஞ்சுகின்றன என்று காட்டியது. குடியின் அளவு போன்ற பிற அளவுகோல்களில் இவ்விருவகைச் சிகிச்சைகளும் ஏறக்குறைய சமமாகவே நின்றன.

மறுபுறம், 2005இல் சியாட்டிலில் 75 வீடுகளுடன் திறக்கப்பட்ட ஈஸ்ட்லேக் குடியிருப்பு, தெருவில் வாழ்ந்த கடுங்குடியர்களுக்குக் குடியை விட வேண்டும் என்ற நிபந்தனையின்றி இடமளித்தது. அவர்களுக்கான மருத்துவமனை, சிறை உள்ளிட்ட பொதுச் செலவு, முந்தைய ஆண்டில் நபருக்கு மாதம் 4,066 டாலர் என்ற இடைநிலை அளவில் இருந்து ஓராண்டுக்குப் பின் 958 டாலராகக் குறைந்ததாக 2009இல் அமெரிக்க மருத்துவக் கழக இதழில் வெளியான ஆய்வு பதிவு செய்தது. இது வீட்டுவசதித் திட்டமே அன்றி உளச்சிகிச்சை அன்று. ஆயினும் நிபந்தனையைத் தளர்த்தினால் குடி பெருகும் என்ற அச்சத்துக்கு இதைவிடக் கடுமையான சோதனைக்களம் கிடைப்பது அரிது. அங்கே குடி பெருகவில்லை, குறைந்தது.

எனினும் ஈரல் சுருங்கியவருக்கும் கருவுற்ற பெண்ணுக்கும் அளவாகக் குடிக்கலாம் என்ற பேச்சுக்கே இடமில்லை. தீங்கு குறைப்புச் சிகிச்சையாளரும் அவர்களிடம் முழுத் தவிர்ப்பையே வலியுறுத்துவார். நீண்டகாலக் கடும் சார்பு உடையவர்களில் அளவோடு நிற்க முடிபவர்கள் குறைவு. அதே வேளையில், அப்படிப்பட்டவர் மருத்துவக் கண்காணிப்பின்றி ஒரே நாளில் நிறுத்தினால் வலிப்பும் சித்தப்பிரமையும் ஏற்பட்டு உயிரே போகக்கூடும் என்பதால், முழுத் தவிர்ப்புக்கான பாதையிலும் படிப்படியான தீங்கு குறைப்பு தேவைப்படுகிறது.

ஹெராயினில் கணக்கு இன்னும் கடுமையானது. சில வாரங்கள் விலகியிருந்தவரின் உடல் தாங்கும் அளவு குறைந்துவிடுவதால், வீடு திரும்பியபின் எடுத்துக்கொள்ளும் பழைய அளவே உயிரைக் குடித்துவிடுகிறது. முழுத் தவிர்ப்பின் கோட்டையாக 1949 முதல் இயங்கிவந்த மினசோட்டாவின் ஹேசல்டன் மையம், இந்த ஆபத்தை எண்ணியே 2012இல் பன்னிரண்டு படிகளோடு சேர்த்து, ஹெராயின் ஏக்கத்தைத் தணிக்கும் பியூப்ரெனார்ஃபின் மருந்தையும் தரத் தொடங்கியது.