250 பெட்டிப் பயிற்சி: வரைந்து முடித்தபின் என் அனுபவம்

டிராஅபாக்ஸ் (Drawabox) என்ற ஓவிய இணையப் பாடத்தில் வரும் 250 பெட்டிப் பயிற்சியை, அதாவது 250 பெட்டிகளை முப்பரிமாணத்தில் வரையும் பயிற்சியைச் செய்யலாமா என்று கேட்பவர்களிடம் நான் முதலில் சொல்வது இதுதான்: பெட்டியை வரைவது பாதி வேலை, வரைந்த பிறகு அதன் கோடுகளை நீட்டிப் பார்ப்பது மீதி வேலை. அந்த மீதியை விட்டுவிட்டால் எத்தனை பெட்டி போட்டாலும் கை இருந்த இடத்திலேயேதான் இருக்கும்.

பாடத்துக்குக் காசு இல்லை. 0.5 மில்லிமீட்டர் ஃபைன்லைனர் பேனா, ஏ4 தாள், சில கலர் பேனா, ஒரு ரூலர் போதும். எல்லாம் மலேசியாவில் எங்கள் சுங்கை சிப்புட் பட்டணத்துக் கடைகளிலேயே கிடைக்கும். பென்சிலும் ரப்பரும் வேண்டாம் என்கிறார்கள், அது சரியான முடிவு. அழிக்க முடியாது என்றால் கோடு போடும் முன்பே யோசித்தாக வேண்டும். இரண்டு முனையிலும் புள்ளி வைத்து, பேனா தாளில் படாமல் கையை ஓட்டிப் பார்த்து, அப்புறம் தோளிலிருந்து ஒரே வீச்சாக இழுக்க வேண்டும்.

பெட்டிக்கு 12 விளிம்பு. ஒரே திசையில் போகும் விளிம்புகளைச் சேர்த்தால் நான்கு நான்காக மூன்று கூட்டம். ஒவ்வொரு கூட்டமும் நம்மை விட்டு விலகிப் போகப்போக ஒரு மறைபுள்ளியை, அதாவது இணைகோடுகள் தூரத்தில் சேர்வதுபோலத் தெரியும் இடத்தை நோக்கி நெருங்க வேண்டும். நமக்கு அருகில் உள்ள மூலையில் மூன்று கோடுகளோடு தொடங்குகிறோம். அவற்றுக்கு இடையிலான மூன்று கோணமும் 90 பாகைக்கு மேல் இருக்க வேண்டும். முன்பக்கம் யாருக்கும் வந்துவிடும். சோதனை வருவது பின்மூலையில்தான், மூன்று கோடும் ஒரே புள்ளியில் சேர மாட்டேன் என்று அடம்பிடிக்கும். அங்கே ஒவ்வொரு முகமாகப் பார்க்காமல் ஒரு கூட்டத்தின் நான்கு கோட்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் பிடிபடுகிறது. முடிந்ததும் ஒரு கூட்டத்துக்குச் சிவப்பு, ஒன்றுக்கு நீலம், ஒன்றுக்குப் பச்சை என்று ரூலர் வைத்து நீட்டினால் எந்தக் கோடு விலகி ஓடுகிறது என்பது பளிச்சென்று தெரியும். அடுத்த பெட்டியில் கை தானாகவே அந்தக் கோட்டைக் கவனிக்கும்.

நேரத்தில் பாதியைப் பயிற்சிக்கும் பாதியை ஆசைப்பட்டதை வரையவும் வைத்துக்கொள்ளச் சொல்கிறது பாடம். தோட்டத்தில் இருப்பவர்களுக்கு அதற்குப் பஞ்சமே இல்லை. தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தின் ஒரு கோடியில் நின்று பாருங்கள், கூரை விளிம்பு இறங்கி வரும், திண்ணைக் கோடு ஏறி வரும், இரண்டும் நம் கண்மட்டத்தில் சேரும். படியில் உட்கார்ந்தால் அந்த மட்டமும் கூடவே இறங்கிவிடும். செம்பனைக் காடு (எண்ணெய்ப்பனைத் தோட்டம்) இன்னும் அருமை. மரங்களை 9 மீட்டர் இடைவெளியில் முக்கோணமாக நடுவதால், சமநிலத்தில் ஒரே இடத்தில் நின்றபடி மூன்று திசையில் நேர் வரிசைகளைப் பார்க்கலாம். மூன்றுக்கும் தனித்தனி மறைபுள்ளி, மூன்று புள்ளியும் ஒரே கண்மட்டக் கோட்டில். பக்கத்து வீட்டுப் பையன் வந்து, "அண்ணே, மரம் வரைய எதுக்கு ரூலரு?" என்று கேட்டான். அவனை அங்கேயே கூட்டிப்போய் நிறுத்திக் காட்டினேன், உடனே புரிந்துகொண்டான்.

குறை என்றால், இந்தப் பெட்டிகள் எல்லாம் அந்தரத்தில் மிதக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் தனித்தனி மறைபுள்ளிகள். லயத்தையும் அதன் முன்னால் நிற்கும் லாரியையும் ஒரே தரையில் உட்கார வைக்க இது மட்டும் போதாது. பொதுவான கண்மட்டக் கோட்டை வைத்து அதைத் தனியாகப் பழக வேண்டியிருந்தது. சலிப்பும் நிச்சயம் வரும். ஒரே மூச்சில் முடிக்க நினைக்காதீர்கள். நான் காலையில் பசியாறுவதற்கு முன் ஒரு பக்கம் என்று வைத்துக்கொண்டேன், அந்த அளவு தாங்கியது.

பலன் தெரிந்தது செம்பனைக் குலை ஏற்றும் லாரியை வரைந்தபோது. பின்தொட்டியை ஒரு பெட்டி, டிரைவர் கூண்டை இன்னொரு பெட்டி என்று போட்டதுமே வண்டி தாளில் கனமாக நின்றது. சக்கரம்தான் இன்னும் சரியாக வரவில்லை. அதற்குக் கைகொடுக்க அதே பாடத்தில் 250 உருளைப் பயிற்சி இருக்கிறது, புதுப் பேனா வாங்கி வைத்துவிட்டேன்.