பெயர்ப்பலகை இல்லாத எஞ்சின் பட்டறை, குளச்சல்

இந்தப் பட்டறைக்குப் பெயர்ப்பலகை கிடையாது, பில் புத்தகம் கிடையாது, வருகிறவர் உட்கார ஒரு பிளாஸ்டிக் நாற்காலிகூடக் கிடையாது. இருந்தும் எங்கள் ஃபைபர் படகின் எஞ்சினை இனி வேறு யாரிடமும் கொடுப்பதாக இல்லை.

படகு என் பெயரில் இருக்கிறது. கடலுக்குப் போகிறவன் என் தம்பி. கணக்குப் பார்ப்பவள் நான். அதனால் இதில் பணப்பேச்சு கொஞ்சம் தூக்கலாகவே இருக்கும். எஞ்சின் 9.9 குதிரைத்திறன், இரண்டு ஸ்ட்ரோக், மண்ணெண்ணெயில் ஓடுவது. ஒரு விடியற்காலையில் கயிற்றைத் தோள் வலிக்க இழுத்தும் அது அசையவில்லை. முதலில் கொண்டுபோன கடையில் (பெயர் வேண்டாம்) மேல்மூடியைத் திறந்த கையோடு, “சிடிஐ போய்விட்டது, மாற்றியாக வேண்டும்” என்றார்கள். பொறி தட்டி எரிபொருளைப் பற்றவைக்கும் பிளக்குக்கு வேண்டிய மின்சாரத்தைச் சேர்த்துவைத்துச் சரியான நேரத்தில் அனுப்புகிற சிறு பெட்டிதான் சிடிஐ. சோதித்துப் பார்த்தீர்களா என்று கேட்டேன். அனுபவத்தில் தெரியும் என்றார்கள். அவர்களுடைய அனுபவத்துக்கு என் பணம் எதற்கு என்று எஞ்சினை ஆட்டோவில் ஏற்றிவிட்டோம்.

குளச்சலில் மீன் இறக்கும் கரையிலிருந்து மேலே ஏறும் சந்தில்தான் இந்தப் பட்டறை. மெக்கானிக்குக் கழற்றும் அவசரம் எதுவும் இல்லை. தம்பியை நிற்கவைத்துக் கேள்வி கேட்டார். எஞ்சின் கடைசியாக எப்படி நின்றது, தானாகவா, நீ நிறுத்தினாயா? மண்ணெண்ணெயிலேயே நிறுத்தினாயா, பெட்ரோலுக்கு மாற்றி ஓடவிட்டு நிறுத்தினாயா? கியர் நடுவில் இருந்ததா? நிறுத்தும் பொத்தானின் கிளிப் இடத்தில் இருந்ததா? டேங்க் மூடியிலுள்ள காற்றுத் திருகைத் திறந்தாயா? குழாயிலுள்ள ரப்பர் குமிழ் அமுக்க அமுக்கக் கெட்டியானதா? தம்பிக்கு முகம் சிவந்துவிட்டது. எனக்கு மட்டும் நல்ல வேடிக்கை.

இரண்டாவது கேள்விக்குக் காரணம் உண்டு. குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் எளிதில் ஆவியாகாது. அதனால்தான் பெட்ரோலில் கிளப்பி, சூடானபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றுகிறோம். நிறுத்துவதற்கு முன் மறுபடி பெட்ரோலுக்கு மாற்றிக் கார்புரேட்டர் கிண்ணத்தில் மிச்சமிருக்கும் மண்ணெண்ணெயை எரித்துவிட வேண்டும். அதைச் செய்யாமல் வந்து படுத்துவிட்டு, மறுநாள் எஞ்சின் கெட்டுவிட்டது என்று தூக்கிக்கொண்டு வருகிறவர்கள்தான் அதிகம் என்றார். தம்பி அந்த விஷயத்தில் தப்பித்துக்கொண்டான்.

பிறகுதான் ஸ்பேனரை எடுத்தார். கழற்றிய பிளக் நனைந்திருந்தது. எரிபொருள் உள்ளே வந்துகொண்டிருக்கிறது, நெருப்புத்தான் இல்லை என்று அதற்குப் பொருளாம். உலர்ந்திருந்தால் தேடலை டேங்க் பக்கம் தொடங்கியிருப்பார். பிளக் துளையைத் துணியால் அடைத்து, பெட்ரோல் டேங்கைத் தள்ளிவைத்துவிட்டு, துடைத்த பிளக்கை அதன் தொப்பியில் மாட்டி எஞ்சினின் உலோக உடம்பில் சாய்த்துக் கயிற்றை இழுக்கச் சொன்னார். பொறி இல்லை. தன்னிடமிருந்த நல்ல பிளக்கை மாட்டினார். அதிலும் இல்லை. சிடிஐதான் போலிருக்கிறது என்று எனக்கு வயிறு கலங்கியது. அவர் நிறுத்தும் பொத்தானிலிருந்து வரும் கம்பியை மட்டும் இணைப்பில் பிரித்துவிட்டு, “இப்போது இழு மக்களே” என்றார். நீல நிறத்தில் பளிச்சென்று பொறி.

எஞ்சினை நிறுத்தும் பொத்தான் செய்வது ஒரே வேலை: பிளக்குக்குப் போக வேண்டிய மின்சாரத்தை எஞ்சினின் உடம்பிலேயே இறக்கிவிடுவது. எங்கள் பொத்தானுக்குள் உப்புத்தண்ணீர் இறங்கிப் பச்சை பூத்திருந்தது. யாரும் அமுக்காமலேயே அது இரவும் பகலும் “நில்” என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது. பாவம், சிடிஐ மேல் பழி.

கம்பியைப் பிரித்தபடியே கொண்டுபோனாலும் எஞ்சின் ஓடும். சோக்கை இழுத்து மூச்சடைக்கவைத்து நிறுத்திக்கொள்ளலாம். கரையில் அப்படி ஓட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். தம்பியும் அதையே கேட்டான், மெக்கானிக் சம்மதிக்கவில்லை. ஆள் தவறி விழுந்தால் கையில் கட்டிய கயிறு கிளிப்பை இழுத்து எஞ்சினை நிறுத்த வேண்டும். அந்தக் கம்பி இல்லையென்றால் படகைத் தள்ளும் விசிறி சுற்றிக்கொண்டே இருக்கும். நான் இந்தப் பட்டறைக்கு முழு மதிப்பெண் கொடுப்பது இந்த ஒரு மறுப்புக்காகத்தான்.

புதிய பொத்தான் போட்டபின்னும் எஞ்சின் இருமி இருமி நின்றது. கார்புரேட்டரின் அடித்திருகைத் தளர்த்தி, கிண்ணத்தில் இருந்ததை ஒரு கண்ணாடிக் குப்பியில் பிடித்து ஓரமாக வைத்தார். டீ குடித்துவிட்டு வந்து பார்த்தால் குப்பியில் இரண்டு அடுக்கு. இப்போது பங்கில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால். எத்தனால் ஈரத்தை இழுக்கும். ஈரம் அளவுக்கு மிஞ்சினால் எத்தனால் தண்ணீரோடு சேர்ந்து பிரிந்து அடியில் தங்கிவிடும். மண்ணெண்ணெய் தினமும் செலவாகிறது, பெட்ரோலோ கிளப்பவும் நிறுத்தவும் மட்டும்தான். ஆக, சின்ன டேங்கில் அது கடற்காற்றில் கிடந்து பழசாகிறது. இதை இத்தனை வருடம் எஞ்சின் வைத்திருந்தும் யாரும் எங்களுக்குச் சொன்னதில்லை. டேங்கைக் கழுவி, எரிபொருள் பாயும் சிறு துளையான ஜெட்டை ஊதிச் சுத்தம் செய்து, தண்ணீர் நிரப்பிய டிரம்மில் எஞ்சினை இறக்கி ஓட்டிக் காட்டினார். தண்ணீர் இல்லாமல் ஓட்டினால் பம்பிலுள்ள ரப்பர் விசிறி சீக்கிரமே கருகிவிடும். சில கடைகளில் “சும்மா ஒரு நிமிடம்” என்று வறட்டில் ஓட்டுவதைப் பார்த்திருக்கிறேன்.

பொத்தானும் கூலியும் சேர்த்து 1,100 ரூபாய். பழைய பொத்தானைப் பொட்டலம் கட்டிக் கையில் கொடுத்தார்.

குறைகளுக்கும் பஞ்சமில்லை. போனை எடுக்கவே மாட்டார். வந்த வரிசையில்தான் வேலை; எந்தச் சிபாரிசும் செல்லாது. உதிரிப்பாகம் கையிருப்பில் அதிகம் வைத்திருப்பதில்லை, நாகர்கோவிலுக்கு நம்மையே ஓடவைப்பார். பில் கேட்டால் பழைய காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதித் தருகிறார். அதை எந்த அலுவலகத்தில் நீட்டுவது? குரலும் சற்றுக் கடுமை. தம்பி இன்னமும் அவர் முன்னால் நிற்கக் கூசுகிறான்.

நான்கு ஸ்ட்ரோக், ஊசிவழி எரிபொருள் பாயும் புதுவகை எஞ்சின் என்றால் தொடமாட்டேன் என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுவார், அந்த எஞ்சின்காரர்கள் வீணாக அலைய வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை பட்டறை இல்லை. மற்ற நாட்களில் காலையிலேயே போய்விடுங்கள்; படகுகள் கரைக்குத் திரும்பிவிட்டால் வாசலில் எஞ்சின்கள் வரிசையாகச் சாய்ந்துவிடும். போகும்போது டேங்கையும் குழாயையும் சேர்த்தே எடுத்துக்கொண்டு போங்கள். எஞ்சினை மட்டும் கொண்டுபோனால் திருப்பி அனுப்பிவிடுவார்.