கனடா அஞ்சல் மருந்துக்கடைகள்: எந்த மாத்திரைக்கு லாபம், எதற்குத் தண்டம்

அமெரிக்க டாக்டர் எழுதிய மருந்துச்சீட்டைக் கனடா மருந்துக்கடைக்கு அனுப்பி மாத்திரையைத் தபாலில் வரவழைக்கும் இந்தச் சேவைக்கு மொத்தமாக ஒரு மதிப்பெண் போட முடியாது. காப்புரிமை தீராத பிராண்டு மருந்துக்குக் கைகொடுக்கும். காப்புரிமை தீர்ந்தபின் பல கம்பெனிகள் தயாரிக்கும் அதே மூலப்பொருள் மருந்தான சாதாரண ஜெனரிக்குக்குத் தண்டச் செலவு.

காரணம் விலை எங்கே முடிவாகிறது என்பதில் இருக்கிறது. கனடாவில் காப்புரிமை மருந்துகளின் விலையை 1987 முதல் ஒரு மத்திய வாரியம் கண்காணிக்கிறது; மாகாணங்கள் ஒன்றுசேர்ந்து கம்பெனிகளிடம் பேரம் பேசுகின்றன. அமெரிக்காவில் முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேர் மருந்து விலையில் பேரம் பேசவே கூடாதென்று 2003-ல் சட்டம் போட்டார்கள். 2022-ல்தான் அது தளர்ந்தது. முதல் பத்து மருந்துகளுக்குப் பேரம் பேசி முடித்த விலை 2026 ஜனவரியில் அமலுக்கு வந்தது.

ரத்தம் உறையாமலிருக்கத் தரும் அபிக்ஸபானைப் பாருங்கள். அதன் பிராண்டான எலிக்விஸின் 30 நாள் பட்டியல் விலை 2023-ல் 521 டாலர். மெடிகேர் பேசி முடித்தது 231. ஜெனரிக்குக்கு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2019-லேயே அனுமதி தந்தும், காப்புரிமைச் சிக்கலால் 2028 ஏப்ரல் வரை அது அமெரிக்கக் கடைக்கு வராது. கனடாவில் 2022 முதலே விற்கிறார்கள். இப்படிப்பட்ட மருந்துக்குத்தான் இந்தச் சேவை.

சர்க்கரைக்கான மெட்ஃபார்மின், ரத்த அழுத்தத்துக்கான லிசினோபிரில், கொலஸ்ட்ராலுக்கான அடோர்வாஸ்டாடின் வகையறா ஜெனரிக்குகளை உள்ளூரிலேயே வாங்குங்கள். ஜெனரிக்கில் அமெரிக்கப் போட்டி கடுமை. மற்ற பணக்கார நாடுகளைவிட அங்கே பொதுவாக மலிவு. தபால் கட்டணம் வேறு மிச்சம்.

சட்டப்படி இது இரண்டுங்கெட்டான் நிலைகூட இல்லை, தனிநபர் இறக்குமதி பெரும்பாலும் விதிமீறல்தான். சொந்த உபயோகத்துக்கு 90 நாள் அளவுக்குள் இருந்தால் எஃப்டிஏ வழக்கமாகக் கண்டுகொள்வதில்லை, அவ்வளவே. பார்சல் சுங்கத்தில் நிற்கலாம் என்பதால், கையிருப்பு சில வாரங்களுக்கு இருக்கும்போதே ஆர்டர் போட வேண்டும். முதல் ஆர்டர் இன்னும் தாமதமாகும்: கனடாவில் உரிமம் பெற்ற டாக்டர் ஒருவர் சீட்டை மறுபடி எழுதித் தந்தால்தான் அங்கே மருந்து கொடுக்க முடியும். குளிர்பதனம் தேவைப்படும் ஊசி மருந்துகளை இந்த வழியில் வாங்காதீர்கள்.

கடையின் உரிம எண்ணை அந்த மாகாண மருந்தக ஒழுங்குமுறை அமைப்பின் தளத்தில் சரிபாருங்கள். சீட்டே கேட்காத தளத்தை உடனே மூடிவிடுங்கள். பார்சல் எந்த நாட்டிலிருந்து கிளம்பும் என்றும் கேளுங்கள்; முகப்பில் கனடா கொடி, சரக்கு வேறொரு நாட்டிலிருந்து என்பது சகஜம். அங்கேதான் பெயர்க் குழப்பம் ஆபத்தாகிறது. ஃப்ளோமாக்ஸ் என்றால் அமெரிக்காவில் புராஸ்டேட் வீக்கத்துக்கான டாம்சுலோசின். அதே பெயரில் இத்தாலியில் விற்றது மார்னிஃப்ளுமேட் என்ற அழற்சி மருந்து. டப்பாவில் மூலப்பொருள் பெயரையும் மில்லிகிராமையும் சீட்டோடு ஒப்பிட்ட பிறகே விழுங்குங்கள்.

இன்ஷூரன்ஸ் கணக்கைப் பலரும் மறக்கிறார்கள். வெளிநாட்டில் கொடுத்த பணம் பொதுவாக டிடக்டிபிளில் (காப்பீடு கொடுக்கத் தொடங்குமுன் நீங்கள் கட்ட வேண்டிய தொகையில்) சேராது. மெடிகேரின் மருந்துக் காப்பீடான பார்ட் டி-யில் 2025 முதல் நீங்கள் கைக்காசு போடும் ஆண்டுச் செலவுக்கு உச்சவரம்பு உண்டு, அந்த ஆண்டு 2,000 டாலர். மற்ற மருந்துகளாலேயே அந்த வரம்பைத் தொடுகிறவருக்குக் கனடாவில் கொடுப்பது முழுக்கக் கூடுதல் செலவு.