காருக்குள் எரியும் விளக்கு: ஓர் எல்இடி பல்பு செட்டின் மதிப்புரை

பழைய ஹேட்ச்பேக் கார்களின் உள்விளக்குகளை மாற்றுவதற்கென்று, ஐந்து பல்புகள் அடங்கிய எல்இடி செட் ஒன்று சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் சாலையின் கார் ஆக்சசரீஸ் கடைகளில் ரூ.500-க்குள் கிடைக்கிறது. பெட்டியின்மேல் தெரிந்த நிறுவனப் பெயர் எதுவும் இல்லை. ‘6000 கெல்வின், பளீர் வெண்மை’ என்ற வாசகம் மட்டும் பெரிய எழுத்தில் இருக்கிறது. (கெல்வின் என்பது இங்கே ஒளியின் நிறத்தைச் சொல்லும் அளவு: எண் குறைந்தால் மஞ்சள், கூடினால் நீலம் கலந்த வெண்மை.) பத்து வயதைக் கடந்த எங்கள் காரில் இதைப் பொருத்தி, ஒரு மழைக்காலத்தையும் ஒரு கோடையையும் பார்த்துவிட்டு எழுதுகிறேன். டிக்கியிலும் டேஷ்போர்டுப் பெட்டியிலும் இது பழைய பல்பைவிட எல்லா வகையிலும் மேல். கூரையின் நடுவில் பரவாயில்லை. ஓட்டுநரின் தலைக்கு மேலே வைக்கத் தகுதியற்றது. ஒரே செட்டில் இத்தனை வேறுபாடு வருவதற்குப் பல்பின் தரம் மட்டும் காரணமல்ல. அந்த விளக்கின் மின்சுற்று எப்படிப்பட்டது, அது யாருடைய கண்ணுக்கு எதிரே எரிகிறது என்பவையும் சேர்ந்துதான் முடிவைத் தீர்மானிக்கின்றன.

வீட்டு விளக்கில் சுவிட்ச் ஃபேஸ் கம்பியில் இருக்கும். காரின் உள்விளக்கில் பெரும்பாலும் இதற்கு நேர்மாறு. பேட்டரியின் பாசிட்டிவ் ஒரு ஃபியூஸ் வழியாக எந்நேரமும் பல்பின் ஒரு முனைவரை வந்து நிற்கும். சாவி போட்டிருக்க வேண்டும் என்பதுகூட இல்லை. மறுமுனைக்கு எர்த் கிடைக்கும்போதுதான் விளக்கு எரியும். காரின் உலோக உடலே நெகட்டிவ் என்பதால், கதவுச் சட்டத்தில் ரப்பர் உறையோடு பதித்திருக்கும் சிறிய சுவிட்ச், கதவு திறந்ததும் வெளியே நீண்டு அந்த முனையைப் பாடியோடு சேர்த்துவிடுகிறது. எல்லாக் கதவுகளின் சுவிட்சுகளும் இணையாக இருப்பதால் எந்தக் கதவைத் திறந்தாலும் அதே விளக்கு எரிகிறது. விளக்கின் ஓரத்தில் நாம் தள்ளும் மூன்று நிலைப் பொத்தான் செய்வதும் இவ்வளவுதான்: ‘ஆன்’ நிலை பல்பை நேராக எர்த்தோடு இணைக்கிறது, ‘டோர்’ நிலை கதவுச் சுவிட்சுகளிடம் ஒப்படைக்கிறது, ‘ஆஃப்’ நிலை இரண்டையும் துண்டிக்கிறது.

இது தெரிந்திருந்தால் தேவையற்ற செலவு ஒன்றைத் தவிர்க்கலாம். மழைக்காலம் முடிந்ததும் கதவைத் திறந்தால் விளக்கு எரியவில்லை என்று பலர் பல்பு வாங்கக் கிளம்பிவிடுகிறார்கள். முதலில் பொத்தானை ‘ஆன்’ நிலைக்குத் தள்ளிப் பார்க்க வேண்டும். அப்போது எரிந்து ‘டோர்’ நிலையில் மட்டும் எரியாவிட்டால் பல்பின்மேல் பழி இல்லை. கதவுச் சுவிட்சுக்குள் தண்ணீர் இறங்கித் துருப்பிடித்திருக்கிறது. சுவிட்சைப் பிடித்திருக்கும் ஸ்குரூவைக் கழற்றி, உப்புத்தாளால் தேய்த்துச் சுத்தம் செய்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். எத்தனை விலையுயர்ந்த எல்இடியாக இருந்தாலும் எர்த் கிடைக்காத இடத்தில் எரியாது.

புதிய கார்களில் இந்த வேலையை ஒரு கட்டுப்பாட்டுப் பெட்டி எடுத்துக்கொண்டிருக்கிறது. சுவிட்ச் கதவின் பூட்டுக்குள்ளேயே ஒளிந்துகொண்டது. அது தரும் தகவலைப் பெட்டி வாங்கிக்கொண்டு, விளக்கை எப்போது ஏற்றுவது, கதவை மூடிய பிறகு எத்தனை விநாடி விட்டுவைப்பது, எப்படிப் படிப்படியாக மங்கச் செய்வது என்று முடிவு செய்கிறது. கதவைத் திறந்துபோட்டுவிட்டுச் சாமான் இறக்கிக்கொண்டே இருந்தால், குறிப்பிட்ட நேரத்துக்குப் பின் பேட்டரியைக் காக்கத் தானே அணைத்தும் விடுகிறது. மங்கச் செய்வதற்கு அது மின்னழுத்தத்தைக் குறைப்பதில்லை. விநாடிக்குப் பலமுறை மின்சாரத்தை விட்டுவிட்டுத் தருகிறது. இழைபல்பில் இழையின் சூடு இடைவெளிகளை நிரப்பிவிடுவதால் கண்ணுக்கு எதுவும் தெரிவதில்லை. எல்இடிக்கு அந்தச் சூட்டு நினைவு கிடையாது. துடிப்பின் வேகம் குறைவாக இருந்தால் மொபைல் கேமராவில் கருங்கோடுகள் ஓடுவதைப் பார்க்கலாம்.

எங்கள் கார் இந்த இரண்டு தலைமுறைகளுக்கும் நடுவே பிறந்தது. கதவை மூடியதும் மின்னழுத்தத்தை மெதுவாக இறக்கும் எளிய தாமதச் சுற்று ஒன்று அதில் உண்டு. இழைபல்பு இருந்தவரை விளக்கு மஞ்சளாகி, செம்பழுப்பாகி, பிறகு அணையும். அந்த நேரத்தில் சாவித் துவாரத்தைக் கண்டுபிடித்துவிடலாம். புதிய பல்பு அப்படி இறங்குவதில்லை. பிரகாசமாக எரிந்துகொண்டிருந்துவிட்டுப் பாதி வழியில் பட்டென்று அணைகிறது. காரணம் எளிது: பல்புக்குள் ஒவ்வொரு வரிசையிலும் மூன்று எல்இடிகள் தொடராக இணைக்கப்பட்டிருக்கின்றன, ஒவ்வொன்றுக்கும் ஏறக்குறைய 3 வோல்ட் வேண்டும், மொத்த மின்னழுத்தம் 9 வோல்ட்டுக்குக் கீழே போனதும் அவை வேலையை நிறுத்திக்கொள்கின்றன. இதைக் குறை என்று சொல்வதைவிடக் குணம் என்று சொல்வதே நியாயம், ஆனால் பெட்டியில் ஒரு வரி எழுதியிருக்கலாம்.

இன்னொரு குணமும் உண்டு, இது கொஞ்சம் தொந்தரவானது. எல்லாவற்றையும் அணைத்துவிட்டு இருட்டான பார்க்கிங்கில் உற்றுப் பார்த்தால், கூரை விளக்கு மின்மினி அளவுக்கு ஒளிர்ந்துகொண்டிருக்கும். தாமதச் சுற்று வழியாகக் கசியும் சில மில்லியாம்பியர் மின்சாரம்தான் காரணம். இழைபல்பு அந்த மின்சாரத்தில் சூடுகூட ஆகாது. எல்இடிக்கு அதுவே போதும். பேட்டரிக்கு இதனால் ஆபத்து எதுவும் இல்லை. ‘கேன்பஸ்’ என்று எழுதிச் சற்றுக் கூடுதல் விலைக்கு விற்கும் பல்புகளில் இணையாக ஒரு ரெசிஸ்டர் இருக்கும். அது கசிவை வாங்கிக்கொண்டு இந்த ஒளிர்வைத் தடுத்துவிடுகிறது. பதிலுக்கு ரெசிஸ்டர் சூடாகும், மின்சாரச் சேமிப்பில் ஒரு பகுதியும் போய்விடும். மின்மினியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

பொருத்தும் வேலையில் கவனிக்க வேண்டியது அளவு. இரண்டு முனைகளிலும் உலோகத் தொப்பி வைத்த குழல் வடிவப் பல்புகள் 31, 36, 39, 41 மி.மீ. என்று பல நீளங்களில் வருகின்றன. கண்ணாடி அடியோடு ஹோல்டரில் செருகும் வகைக்கு டி10 என்று பெயர். இந்த செட்டில் இருந்த நீளப் பல்பு எங்கள் ஹோல்டருக்கு மயிரிழை குறைவாக இருந்ததால் கிளிப்பை உள்நோக்கி மெல்ல வளைத்துப் பிடிப்பை ஏற்படுத்த வேண்டியிருந்தது. எல்இடிக்கு பாசிட்டிவ், நெகட்டிவ் பேதம் உண்டு. எரியாவிட்டால் பயப்படாமல் திருப்பிப் போட்டுப் பார்க்கலாம். பல்பின் முதுகில் இருக்கும் அலுமினியத் தகடு இரண்டு கிளிப்புகளையும் ஒரே நேரத்தில் தொட்டால் மட்டும் ஃபியூஸ் போய்விடும். பல கார்களில் அதே ஃபியூஸ்தான் கடிகாரத்துக்கும் ஆடியோவின் நினைவுக்கும் மின்சாரம் தருகிறது என்பதால், விளக்கை மாற்றப்போய்ப் பாட்டை இழந்தவர்கள் உண்டு. பொத்தானை ‘ஆஃப்’ நிலையில் வைத்தால் போதாது. பாசிட்டிவ் அங்கே காத்திருக்கிறது என்று மேலே சொன்னதை நினைவில் கொண்டு, ஃபியூஸைப் பிடுங்கிவிட்டே வேலையைத் தொடங்க வேண்டும். ஆண்டுக்கணக்கில் இழைபல்பின் சூட்டில் வெந்த பிளாஸ்டிக் மூடி எளிதில் உடையும். ஸ்குரூடிரைவர் நுனியில் துணி சுற்றி நெம்புவது நல்லது.

இனி வெளிச்சம். 5 வாட் டி10 இழைபல்பு தரும் ஒளி ஏறக்குறைய 50 லூமென், மீதியெல்லாம் சூடு. இந்த எல்இடி அதில் ஐந்தில் ஒரு பங்கு மின்சாரத்தில் அதைவிடத் தெளிவான வெளிச்சம் தருகிறது. டிக்கியில் இதன் அருமை தெரியும்: கறுப்பு விரிப்பின்மேல் கிடக்கும் கறுப்பு ஜாக்கிக் கம்பி, ஸ்டெப்னியை இறுக்கும் நட்டு எல்லாம் தனித்தனியாகத் தெரிகின்றன. பின் இருக்கைக்கடியில் விழுந்த தோட்டின் திருகைக் கூரை விளக்கின் வெளிச்சத்திலேயே எடுத்துக் கொடுத்தது இதற்கு நான் தரும் நற்சான்று. ஆனால் இழை நாற்புறமும் ஒளி வீசும். இந்தப் பல்பு ஒரு முகமாக மட்டுமே வீசும். அதனால் கூரையில் விளக்குக்கு நேர்கீழே வெள்ளை வட்டமும், ஓரங்களில் முன்பைவிட இருட்டும் நிற்கின்றன. நிறங்களும் கொஞ்சம் பொய் சொல்கின்றன. குழந்தையின் முகம் காய்ச்சல் கண்டதுபோல் வெளிறித் தெரிகிறது.

ஓட்டுநரின் தலைக்கு மேலே இருக்கும் சிறுவிளக்கில்தான் இந்த செட் தோற்கிறது. இருட்டுக்குக் கண் முழுமையாகப் பழக அரை மணி நேரம்வரை ஆகும். அந்தப் பழக்கத்தைச் சுமப்பவை விழித்திரையின் குச்சி செல்கள். அவை நீலம் கலந்த ஒளிக்கு மிகுந்த உணர்வும் சிவப்புக்கு மிகக் குறைந்த உணர்வும் கொண்டவை. 6000 கெல்வின் வெண்மையில் நீலம் தாராளம். சுங்கச்சாவடியில் ரசீதைப் பார்க்க ஒரு நிமிடம் ஏற்றி அணைத்தால், அடுத்துச் சிறிது தூரத்துக்குச் சாலையோரம் நடப்பவர்கள் கண்ணில் படுவது குறைகிறது. விளக்கு எரியும்போது முன் கண்ணாடியின் உட்புறம் நம் சட்டையையே நமக்குக் காட்டுகிறது. பிஎம்டபிள்யூ நீண்ட காலம் தன் டேஷ்போர்டுகளுக்கு ஆரஞ்சுச் சிவப்பு ஒளியையே வைத்திருந்தது இந்தக் கணக்கில்தான். 1990-களின் பிற்பகுதியில் ஃபோக்ஸ்வாகன் நீல டேஷ்போர்டைக் கொண்டுவந்தபோது அது அழகாக இருந்தது என்பதில் சந்தேகமில்லை. ஆனால் நீல ஒளி விழித்திரைக்குச் சற்று முன்னாலேயே குவிந்துவிடுவதால் எழுத்துகளின் ஓரம் கலங்கித் தெரிகிறது என்று சொன்னவர்களும் இருந்தார்கள்.

எனவே முன்பக்கத்து இரண்டு பல்புகளையும் கழற்றிவிட்டு, 3000 கெல்வின் ‘வார்ம் ஒயிட்’ டி10 பல்புகளைத் தனியாக வாங்கிப் போட்டேன். கடையில் இதைக் கேட்டால் ‘சார், அது டல்லா இருக்கும்’ என்று வெள்ளையையே மறுபடி எடுத்து வைக்கிறார்கள். நான்கைந்து கடை ஏறி இறங்கித்தான் கிடைத்தது. இரவில் ரசீதைப் படிப்பதற்கு அந்த ‘டல்’ வெளிச்சம் தாராளமாகப் போதும்.

பேட்டரி விஷயத்தில் விற்பனையாளர்கள் கொஞ்சம் மிகைப்படுத்துகிறார்கள். 5 வாட் இழைபல்பு 12 வோல்ட்டில் எடுப்பது 0.4 ஆம்பியர் அளவு. பத்து மணி நேரம் எரிந்தால் 4 ஆம்பியர்-மணி. சிறு கார்களின் 35 ஆம்பியர்-மணி பேட்டரி நல்ல நிலையில் இருந்தால் மறுநாள் காலை வண்டி கிளம்பவே செய்யும். வயதான பேட்டரி, அல்லது டிக்கி சரியாக மூடாமல் வெளியூர் போய்த் திரும்பும் வாரக் கடைசி என்றால் கதை வேறு. எல்இடி 1 வாட்டுக்குள் முடித்துக்கொள்வதால் அதே மறதிக்கு ஐந்து மடங்கு மன்னிப்புக் கிடைக்கிறது. மறந்துபோனதைக் கண்ணில் படாமல் ஒளித்துவைக்கும் டிக்கி விளக்குக்கு இந்த மாற்றம் கட்டாயம் என்றே சொல்வேன்.

நீடிப்பைப் பொறுத்தவரை, பெட்டியில் அச்சிட்டிருக்கும் 50,000 மணி நேரத்தை நம்ப வேண்டாம். எல்இடியின் ஆயுளைக் குறைப்பது வெப்பம். சித்திரை வெயிலில் நிற்கும் காரின் கூரைக்கடியைவிட வெப்பமான இடம் அதற்கு வாய்க்காது. கூரைப் பல்பின் மூன்று எல்இடி வரிசைகளில் ஒன்று கோடை முடியும் முன்பே மினுக்கத் தொடங்கி, பிறகு அணைந்துவிட்டது. கடைக்காரர் மறுபேச்சின்றி மாற்றிக் கொடுத்தார், அந்த மரியாதைக்கு ஒரு மதிப்பெண்.

இதே கடைகளில் மொபைலில் நிறம் மாற்றும் எல்இடி பட்டைகளையும் கையில் திணிப்பார்கள். தொழிற்சாலையிலிருந்தே வண்ண ஒளியோடு வரும் கார்களில் அந்த எல்இடிகளை வண்டியின் சொந்த ஒயரிங் கட்டுப்படுத்துகிறது. ஒளி நேராகக் கண்ணில் படாமல் பிளாஸ்டிக் தண்டுகளின் வழியே கசிகிறது. கடையில் வாங்கி ஒட்டும் பட்டைகளில் அந்த மறைப்பு இல்லை. சிகரெட் லைட்டர் துளையில் செருகுவதாக இருந்தால் அலங்காரம் என்று விட்டுவிடலாம். ஏதோ ஓர் ஒயரை வெட்டி ஒட்டுவதாக இருந்தால், சரியான ஃபியூஸ் இல்லாத இணைப்பு தீப்பிடிக்கும் வாய்ப்பைத் தானே உருவாக்குகிறது என்பதால் வேண்டாம்.

வாங்க நினைப்பவர்கள் முதலில் தங்கள் பழைய பல்பைக் கழற்றி, தொப்பியிலிருந்து தொப்பிவரை அளந்து எழுதிக்கொண்டு போக வேண்டும். கடையில் கார் மாடலைச் சொன்னால் கொடுப்பது பெரும்பாலும் உத்தேச அளவுதான். நான் கழற்றிய முன்பக்க வெள்ளைப் பல்புகளில் ஒன்று இப்போது வீட்டிலிருக்கும் இன்னொரு வண்டியின் டிக்கியில் எரிகிறது. மற்றொன்றையும் பழைய இழைபல்புகளையும் டேஷ்போர்டுப் பெட்டியில் வைத்திருக்கிறேன், நெடும்பயணத்தில் ஏதாவது போனால் மாற்றிக்கொள்ள.