வீடு வாங்கும் முன் பரிசோதனைக்கு ஆள் வைக்கிறீர்களா? எங்களுக்கு 2,89,500 ரூபாய் போயிற்று

சேலத்தில் பழைய வீடு பார்த்துக்கொண்டிருப்பவர்கள் தயவுசெய்து இதைப் படித்துவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள். வீட்டுப் பரிசோதனையில் என்னென்ன பார்ப்பார்கள், எதை விடுவார்கள் என்று விவரமாக எழுதத்தான் உட்கார்ந்தேன். மனசு ஆறவில்லை. இன்று காலைதான் மேஸ்திரி கணக்குச் சொல்லிவிட்டுப் போனார்.

கன்னங்குறிச்சியில், மூக்கனேரிக்குக் கொஞ்சம் தள்ளி, இருபது வருஷத்துக்கு மேல் ஆன தனி வீடு. ஆடி பிறப்பதற்குள் பத்திரம் முடிக்க வேண்டும் என்று அவசரம். சுவரும் கம்பியும் நமக்கென்ன தெரியும் என்று, ஆப்பில் புக் செய்கிற ஒரு பரிசோதனை கம்பெனிக்கு 9,500 ரூபாய் கட்டினோம்.

வந்த பையனைப் பார்த்ததும் நம்பிக்கை வந்துவிட்டது. வாசலிலேயே ஷூவைக் கழற்றினான். ஈரம் பார்க்கும் மீட்டரைச் சுவரில் வைத்து, "பாருங்கக்கா, பச்சைதான் காட்டுது" என்று என்னிடமே நீட்டினான். டைல்ஸை ஒவ்வொன்றாகத் தட்டி, உள்ளே பொள்ளலாகச் சத்தம் கேட்ட இரண்டில் சாக்பீஸால் குறி போட்டான். கரண்ட் கசிந்தால் நிறுத்தும் ஈஎல்சிபி பட்டனை அமுக்கி, கரண்ட் நிற்கிறதா என்று பார்த்தான். இவ்வளவு பார்க்கிறவன் எதையும் விடமாட்டான் என்று நினைத்தேன்.

மொட்டை மாடிக் கதவு பூட்டியிருந்தது. சாவி தம்பி வீட்டில் இருக்கிறது என்றார் வீட்டுக்காரர். "நாளைக்கு வந்து மாடியை மட்டும் பார்த்துடறேங்கக்கா" என்றான் பையன். படுக்கையறையில் புதிதாகப் போட்டிருந்த ஃபால்ஸ் சீலிங்கில் டார்ச் அடித்து, "ஃபினிஷிங் அருமைங்க" என்றான். பழைய வீட்டில் அந்த ஓர் அறைக்கு மட்டும் எதற்குப் புது சீலிங்? அவனும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

மறுநாள் அவன் வரவில்லை. 38 பக்க ரிப்போர்ட்தான் வந்தது. 'மொட்டை மாடி: நன்று' என்று போட்டிருந்தது. அதை நம்பித்தான் கிரயம் முடித்தோம்.

ஐப்பசி மழை நாலு நாள் விடாமல் பிடித்தது. போன வியாழக்கிழமை ராத்திரி சீலிங் பலகை உப்பி, கட்டில் மேலேயே விழுந்தது. பாப்பா அன்றைக்கு மாமியாரிடம் படுத்திருந்தாள். அதை நினைத்தால் இன்னும் வயிற்றைக் கலக்குகிறது. மேஸ்திரி விழாமல் நின்ற பக்கத்திலும் ஒரு லைட்டைக் கழற்றி, அந்த ஓட்டையில் செல்போன் டார்ச்சை விட்டுப் பார்த்தார். "கம்பி துருப்பிடிச்சு ஊதி காங்கிரீட்டைத் தள்ளியிருக்குதுங்கம்மா. பல வருஷமா தண்ணி இறங்குது" என்றார். மேலே மாடித் தளத்தில் பதித்த ஓடுகள் பெயர்ந்து, மழைத்தண்ணீர்க் குழாயின் வாய் அடைந்து கிடக்கிறது. சரிசெய்ய 2,80,000 ரூபாய். பரிசோதனை கம்பெனிக்குக் கட்டியதும் சேர்த்து 2,89,500.

ரிப்போர்ட்டைத் திரும்பப் பிரித்துப் பார்த்தேன். மாடிப் படத்தில் நீலத் தண்ணீர்த் தொட்டி, பக்கத்தில் தென்னை மரம். எங்கள் தொட்டி கறுப்பு. தென்னை கிடையவே கிடையாது. அது யார் வீட்டு மாடி?

கம்பெனிக்குப் போன் செய்தால் முதல் நாள், "கம்ப்ளெயின்ட் பதிவு பண்ணிட்டோம் மேடம், 48 மணி நேரம்." அப்புறம், "அந்த ஸ்டாஃப் இப்ப இங்க இல்லைங்க." மூன்றாவது ஆள், "கடைசிப் பக்கத்தைப் படிங்க, கண்ணால பார்க்கிறதுதான் எங்க வேலை, உள்ளே இருக்கிறதுக்குப் பொறுப்பில்லை" என்றான். சுவரை உடைத்துப் பார்க்க மாட்டார்கள், சரி. பார்க்க முடியாத இடத்தைப் 'பார்க்கவில்லை' என்று எழுத வேண்டாமா? ஏறாத மாடிக்கு எப்படி 'நன்று' போடுகிறார்கள்? நேற்று முதல் என் நம்பரை எடுப்பதே இல்லை. 2,89,500 ரூபாய்!

சட்டென்று சொல்லிவிடுகிறேன். மாடி ஏறாத பரிசோதனைக்குப் பணம் கொடுக்காதீர்கள். கோடையில் ஈர மீட்டர் பச்சை காட்டுவதை நம்பாதீர்கள். வீட்டுக்காரர் சம்மதித்தால் மாடியின் மழைத்தண்ணீர்க் குழாயை அடைத்து ஒரு நாள் தண்ணீர் தேக்கிப் பாருங்கள். புது பெயின்ட், புது சீலிங் இருந்தால் ஒரு லைட்டையாவது கழற்றச் சொல்லுங்கள். வில்லங்கம், பட்டா, பிளான் அப்ரூவல் எதையும் இவர்கள் பார்க்க மாட்டார்கள், அதற்கு வக்கீல் தனி. ரிப்போர்ட் வந்ததும் படங்களை உங்கள் வீட்டோடு ஒவ்வொன்றாக ஒப்பிட்டுப் பாருங்கள், தொட்டியின் நிறம் உட்பட.