பத்து ஆண்டுகளாக என்னோடு கடலுக்கு வரும் 15 குதிரைவலு எஞ்சின்

படகின் பின்புறத்தில் மாட்டும் இந்த எஞ்சினை 2015ஆம் ஆண்டு தை மாதம் வாங்கினேன். ஜப்பான் தயாரிப்பு, இரண்டு சிலிண்டர், டூ ஸ்ட்ரோக், பெற்றோலில் தொடங்கி மண்ணெண்ணெயில் ஓடும் வகை. யாழ்ப்பாணத் தீவுப்பகுதியில் ஊர்காவற்றுறைக்கும் அனலைதீவுக்கும் இடைப்பட்ட ஆழம் குறைந்த கடலில் நண்டு வலை விடுவது என் தொழில். பின்னேரம் வலை விட்டு, விடியுமுன் போய் எடுப்போம். வாரத்தில் ஐந்து ஆறு நாள் இந்த எஞ்சின் உப்புத் தண்ணீரில்தான் கிடக்கிறது. புதிதாகத் தொழிலுக்கு வரும் பிள்ளைகள் "எந்த எஞ்சின் நல்லது அண்ணை?" என்று கேட்கும்போதெல்லாம், எந்த எஞ்சின் என்பதைவிட அதை எப்படி வைத்திருக்கப் போகிறாய் என்பதைத்தான் நான் திருப்பிக் கேட்கிறேன். இந்தப் பத்து ஆண்டில் என் எஞ்சின் கடலில் நின்ற ஒவ்வொரு முறையும் காரணம் நான் பார்க்கத் தவறிய ஏதோ ஒரு சின்னப் பொருள்.

முதலில் தண்ணீர். எஞ்சினின் பின்புறம் மூடிக்குக் கீழே ஒரு சிறு துளையிலிருந்து தண்ணீர் பீச்சிக்கொண்டே இருக்க வேண்டும். காரில் இருப்பது போல இதற்கு ரேடியேற்றர் கிடையாது. கடல் தண்ணீரையே கீழிருந்து இழுத்து, சிலிண்டரைச் சுற்றி ஓடவிட்டு, வெளியே தள்ளுகிறது. இழுப்பது கீழ்ப்பகுதியில் தண்டோடு சேர்ந்து சுழலும் உள்ளங்கைக்குள் அடங்கும் இறப்பர்ச் சக்கரம். அந்தச் சக்கரம் நன்றாக இருக்கிறதா என்று சொல்வது அந்தத் துளையில் வரும் தண்ணீர் மட்டுமே. விசையைக் கூட்டினால் தண்ணீர் தூரப் பாய வேண்டும். தொட்டால் இளஞ்சூடாக இருக்கலாம், கையைச் சுடக் கூடாது.

2017 மார்கழியில் ஒரு விடியற்காலை அதை நான் பார்க்கவில்லை. வாடைக் காற்றுக் காலத்தில் அடியிலிருந்து பிடுங்கப்பட்ட சாதாழை என்ற கடல் தாவரம் எங்கள் கடலில் பாய் விரித்தது போல் மிதக்கும். இருட்டில் அதற்குள்ளால் ஓடிப் போனேன். எஞ்சின் சத்தம் வழக்கம் போலவே இருந்தது. கொஞ்ச நேரத்தில் பெயின்ற் கருகுவது போல ஒரு மணம். திரும்பிப் பார்த்தால் துளையில் ஒரு சொட்டும் இல்லை. உடனே நிறுத்தி, எஞ்சினைத் தூக்கி, தண்ணீர் இழுக்கும் சல்லடையில் கம்பளி போல் ஒட்டியிருந்த சாதாழையைப் பிடுங்கி எறிந்தேன். ஆறவிட்டு மறுபடி இயக்கினேன். அப்போதும் தண்ணீர் வரவில்லை. பக்கத்தில் தொழில் செய்தவர்கள் கயிறு போட்டு இழுத்துக் கரை சேர்த்தார்கள்.

எங்கள் கரையில் எஞ்சின் பார்க்கும் மெக்கானிக் கீழ்ப்பகுதியைக் கழற்றினார். ஆறு இதழ் உள்ள இறப்பர்ச் சக்கரத்தில் இரண்டு இதழ்கள் இல்லை. மற்ற நான்கும் தீய்ந்து வளைந்திருந்தன. நான் புதுச் சக்கரத்தை எடுத்து நீட்டினேன். அவர் வாங்கவில்லை. மெல்லிய கம்பியை எடுத்து, தண்ணீர் மேலே போகும் குழாய்க்குள் விட்டு, கால் மணி நேரம் தேடி, அந்த இரண்டு துண்டுகளையும் வெளியே எடுத்தார். "இதைத் தேடாமல் புதியதைப் போட்டால் அடுத்த வாரமும் இதே கதைதான், தம்பி" என்றார். பிறகு மேல் மூடியைத் திறந்து காட்டினார். தண்ணீர் ஓடும் வழிகளில் சுண்ணாம்பு பூசியது போல உப்புப் படிந்திருந்தது. மூன்று ஆண்டு நான் ஒழுங்காகக் கழுவாததன் கணக்கு அது. சிலிண்டர் கீறாமல் தப்பியது என் நல்ல காலம்.

அன்றிலிருந்து ஆண்டுக்கு ஒரு முறை, வாடை தொடங்குமுன், சக்கரம் நன்றாக இருக்கிறதோ இல்லையோ மாற்றிவிடுகிறேன். ஒரு நாள் நண்டு விற்ற காசுக்குள் முடிகிற வேலை. ஒரு முறை மட்டும் மலிவாகக் கிடைத்ததென்று ஒரு கடையில் வாங்கிய சக்கரம் நான்கே மாதத்தில் வெடித்துவிட்டது. கையில் மடக்கிப் பார்த்தபோதே அந்த இறப்பர் விறைப்பாகத்தான் இருந்தது. அந்த நேரத்தில் யோசித்திருக்க வேண்டும்.

கழுவுவது பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். தீவுகளில் நல்ல தண்ணீர் எவ்வளவு அரிது என்பது இங்கே வாழ்பவர்களுக்குத் தெரியும். குடிக்கத் தண்ணீர் அள்ளி வரும் வீட்டில், எஞ்சினுக்குப் பீப்பாய் நிறைய ஊற்றுவது மனதுக்குக் கஷ்டமான காரியம். ஆகவே நான் சற்று உவர்ப்பான கிணற்றுத் தண்ணீரைத்தான் பயன்படுத்துகிறேன். கடல் உப்போடு ஒப்பிட்டால் அது எவ்வளவோ மேல். மாரி காலத்தில் கூரைத் தண்ணீரைப் பிடித்து வைப்பேன். மேல்பக்கம் வெட்டிய பீப்பாயில் எஞ்சினை மாட்டி, தண்ணீர் இழுக்கும் சல்லடைக்கு மேலே நன்றாக மூடும்படி நிரப்பி, கியர் போடாமல், குறைந்த விசையில் பத்துப் பதினைந்து நிமிடம் ஓடவிட வேண்டும். அதே தண்ணீரை நாள் கணக்காக வைத்திருந்தால் அதுவே உப்பாகிவிடும், இரண்டு மூன்று நாளில் கொட்டிவிடுங்கள். தண்ணீர் இல்லாமல் "சும்மா ஒரு முறை இயக்கிப் பார்க்கிறேன்" என்று வெறும் தரையில் கயிற்றை இழுப்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபமே வருகிறது. இறப்பர்ச் சக்கரம் தண்ணீரில்தான் வழுக்கி ஓடுகிறது. காய்ந்த நிலையில் சில நொடிகள் போதும், அது தேய்ந்து போக. இதையெல்லாம் திறந்த வெளியில் செய்யுங்கள். கதவு மூடிய வாடிக்குள் (கரையில் உள்ள மீன்பிடிக் கொட்டில்) எஞ்சின் ஓடினால் புகையில் வரும் கார்பன் மொனொக்சைட்டுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. அது ஆளைக் கொன்றுவிடும்.

எண்ணெய் விடயத்தில் நான் இதுவரை அடி வாங்கவில்லை. முதல் நாளிலிருந்தே அளந்துதான் கலக்கிறேன். பெற்றோலுக்கு என் எஞ்சினின் கையேடு சொல்வது 50:1, அதாவது 20 லீற்றருக்கு 400 மில்லிலீற்றர். புது எஞ்சினுக்கு முதல் 10 மணி நேரம் இதன் இரு மடங்கு. மண்ணெண்ணெய்க்கு விகிதம் வேறு, உங்கள் கையேட்டில் இருப்பதையே பிடியுங்கள். கடல் எஞ்சினுக்கான டி.சி.-டபிள்யூ 3 தரம் என்று போத்தலில் எழுதியிருப்பதை மட்டும் வாங்குங்கள். மோட்டார் சைக்கிள் எண்ணெய் காற்றில் குளிரும் எஞ்சினுக்காகச் செய்தது.

மண்ணெண்ணெயில் ஓடுவது செலவுக்கு உதவுகிறது, ஆனால் அதற்கு ஒரு முறை இருக்கிறது. குளிர்ந்த எஞ்சின் மண்ணெண்ணெயில் பற்றாது. பெற்றோலில் இயக்கி, நன்றாகச் சூடேறிய பிறகுதான் குழாயைத் திருப்ப வேண்டும். கரைக்கு வரும் வழியில், நிறுத்துவதற்குச் சில நிமிடம் முன்பே மறுபடி பெற்றோலுக்கு மாற்றிவிட வேண்டும். இல்லையென்றால் காபரேற்றரில் மண்ணெண்ணெய் தங்கி, அடுத்த நாள் விடியற்காலை கயிற்றை இழுத்து இழுத்துத் தோள்மூட்டுக் கழன்றுவிடும். வலை எடுக்கும்போது நீண்ட நேரம் குறைந்த விசையில் ஓடுவதால் தீப்பொறி தரும் பிளக்கில் கரி பிடிக்கும். வாரம் ஒரு முறை கழற்றித் துடைக்கிறேன். உதிரி இரண்டு எப்போதும் படகில் இருக்கும்.

2022 எரிபொருள் நெருக்கடியில் எஞ்சின் வாரக் கணக்கில் வீட்டில் கிடந்தது. அந்த ஆவணி மாதம்தான் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து ஒரே நாளில் 340 ரூபாவானது. பலர் பாய் கட்டிப் போனார்கள். போர்க்காலத்தில் எஞ்சின் வலுவுக்குக் கட்டுப்பாடு இருந்தபோது என் தகப்பனார் செய்த தொழில் முறைக்கே நானும் கொஞ்ச நாள் திரும்ப வேண்டியிருந்தது. அந்தக் கவலையில் காபரேற்றரை வடிக்காமல் விட்டுவிட்டேன். கடைசியில் எரிபொருள் கிடைத்து இயக்கியபோது எஞ்சின் பற்றும், விசை கொடுத்தால் அணைந்துவிடும். திறந்து பார்த்தால் கிண்ணத்தின் அடியில் பிசின் போல ஒரு படிவு, ஊசித் துளை அடைபட்டிருந்தது. ஒரு வாரத்துக்கு மேல் நிறுத்தப் போகிறீர்கள் என்றால், எரிபொருள் குழாயைக் கழற்றிவிட்டு, கழுவும் பீப்பாயிலேயே அது தானாக அணையும்வரை ஓடவிடுங்கள். மிச்சத்தை வடிப்புத் திருகைத் திறந்து எடுத்துவிடுங்கள்.

இனிச் சொல்லப் போவது எஞ்சினைப் பற்றியதல்ல, உயிரைப் பற்றியது. கைப்பிடிக்குப் பக்கத்தில் சிவப்பு நிறத்தில் சுருள் கயிறு ஒன்று தொங்கும். அதன் ஒரு முனை எஞ்சினின் பொத்தானில் கொளுவியிருக்கும், மறுமுனை ஓட்டுபவரின் மணிக்கட்டில் இருக்க வேண்டும். ஆள் விழுந்தால் கயிறு கழன்று எஞ்சின் அணைந்துவிடும். எங்கள் கரையில் பத்துப் படகைப் பார்த்தால் ஒன்பதில் அந்தக் கயிறு கைப்பிடியிலேயே சுற்றியிருக்கிறது. என்னுடையதும் அப்படித்தான் இருந்தது.

2019 புரட்டாதியில், சோளகம் ஓயும் காலம், நானும் மச்சானும் வலை எடுத்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தோம். பழைய களங்கட்டியின் (கம்பு நட்டு வலை கட்டி மீனை அடைக்கும் பொறி) கம்பு ஒன்று தண்ணீருக்குச் சற்றுக் கீழே முறிந்து நின்றிருக்கிறது. எஞ்சினின் கால், அதாவது தண்ணீருக்குள் இறங்கும் கீழ்ப்பகுதி, அதில் மோதியது. நான் பக்கவாட்டில் கடலுக்குள் போனேன். ஓட்டுபவர் கை விட்டதும் கைப்பிடி ஒரு பக்கம் திரும்பிவிடும், படகு வட்டமடிக்கத் தொடங்கும். முதல் சுற்றில் படகு என்னை விட்டு நாலு பாகம் (ஒரு பாகம் ஆறு அடி) தள்ளிப் போனது. இரண்டாவது சுற்றில் புரொப்பெல்லரின் சத்தம் தண்ணீருக்குள்ளேயே என் காதில் கேட்டது. மச்சான் முன்னணியத்திலிருந்து வலைக் குவியலின் மேல் தவழ்ந்து வந்து பொத்தானில் இருந்த கொளுவியைப் பிடுங்கி எஞ்சினை நிறுத்தினார். அவர் அன்று வராமல் நான் தனியாகப் போயிருந்தால் இதை எழுத நான் இல்லை. அன்றைக்குப் பிறகு அந்தச் சிவப்புக் கயிறு கையில் இல்லாமல் நான் எஞ்சினை இயக்கியதே கிடையாது. மச்சானிடம் உதிரிக் கொளுவி ஒன்று கழுத்தில் தொங்குகிறது. கயிற்றோடு நான் விழுந்தால், படகில் இருப்பவர் அந்தக் கொளுவியைப் போட்டு எஞ்சினை மறுபடி இயக்கி என்னை எடுக்க வேண்டுமே. உயிர்காப்பு அங்கியும் அன்றிலிருந்து வெயிலென்றாலும் உடலில்தான்.

அந்த மோதலில் புரொப்பெல்லரின் நடுவிலிருந்த இறப்பர் புஷ் வழுக்கிவிட்டது. எஞ்சின் கத்தியது, படகு நகரவில்லை. கியர் உடையாமல் காப்பதற்கே அந்த இறப்பர் இருக்கிறது, ஆகவே அதைக் குறை சொல்ல முடியாது. மிகக் குறைந்த விசையில் ஊர்ந்தும், ஆழம் குறைந்த இடத்தில் மரக்கோலால் தாங்கியும் வந்து சேர்ந்தோம்.

கியர் எண்ணெயை ஆண்டுக்கு இரண்டு முறை மாற்றுகிறேன். கீழ்த் திருகை முதலில் திறந்தால் கொஞ்சமாக வரும், மேல் திருகையும் திறந்ததும் முழுவதும் வடியும். அதன் நிறத்தைப் பாருங்கள். பால் தேநீர் போல வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்துவிட்டது. எங்கள் தொழிலில் இதற்கு முதல் காரணம் வலையின் தங்கூஸ் (நைலோன்) இழை. புரொப்பெல்லருக்குப் பின்னால் தண்டில் சுற்றி, கம்பி போல இறுகி, எண்ணெய் அடைப்பு இறப்பரை அறுத்துவிடும். வெளியே பார்த்தால் தெரியாது. அதனால் மாதம் ஒரு முறை புரொப்பெல்லரைக் கழற்றி, சுற்றியிருக்கும் இழையை வெட்டி எடுத்து, தண்டுக்குக் கிறீஸ் பூசிப் போடுகிறேன். புது எண்ணெயைக் கீழ்த் துளையால் ஏற்ற வேண்டும், மேல் துளையில் வழியும்வரை. மேல் திருகை முதலில் மூடிவிட்டுக் கீழ்த் திருகைப் போட்டால் காற்று உள்ளே தங்காது.

சின்ன விடயங்கள் சில. எரிபொருள் தாங்கியின் மூடியில் உள்ள காற்றுத் திருகைத் திறக்க மறந்து, பத்து நிமிடத்தில் எஞ்சின் அணைந்து, பிளக்கைக் கழற்றிக் கொண்டிருப்பவர்களை ஒவ்வொரு மாதமும் பார்க்கிறேன். காலில் இருக்கும் வெள்ளைத் துத்தநாகக் கட்டி எஞ்சினுக்குப் பதிலாகத் தான் அரிபடுவதற்காக வைத்தது, அதற்குப் பெயின்ற் அடிக்கக் கூடாது, பாதி கரைந்ததும் மாற்ற வேண்டும். எஞ்சினைத் தோளில் தூக்கிப் போகும்போது மேல்பக்கம் தாழக் கூடாது, காலில் நிற்கும் தண்ணீர் சிலிண்டருக்குள் இறங்கிவிடும்.

ஃபோர் ஸ்ட்ரோக் எஞ்சின் வாங்கலாமா என்று கேட்கிறார்கள். சத்தம் குறைவு, எரிபொருள் குறைவு, எண்ணெய் கலக்கும் வேலை இல்லை. ஆனால் பாரம் கூட. களவுக்குப் பயந்து நாளும் எஞ்சினைக் கழற்றி வீட்டுக்குச் சுமக்கும் என் போன்றவர்களுக்கு டூ ஸ்ட்ரோக்தான் இன்னும் சரி. இறங்குதுறையில் பாதுகாப்பாக விட்டுச் செல்ல வசதி உள்ளவர்கள் மற்றதை வாங்கலாம்.

பழைய எஞ்சின் வாங்குபவர்கள் பகலில் போய்ப் பாருங்கள். நீங்கள் வருமுன் இயக்கிச் சூடாக்கி வைத்திருக்கிறார்களா என்று மூடியில் கை வைத்துப் பாருங்கள், ஆறிய நிலையில் பற்றுவதைத்தான் பார்க்க வேண்டும். பீப்பாயில் பத்து நிமிடம் ஓடவிட்டு, தண்ணீர் பீச்சுவதைக் கவனியுங்கள். இரண்டு பிளக்குகளையும் கழற்றி நிறத்தை ஒப்பிடுங்கள். கடைசியாக, கியர் எண்ணெய்த் திருகைத் திறந்து ஒரு சொட்டைக் காட்டும்படி கேளுங்கள். அதைத் திறக்க விடாதவரிடம் வாங்க வேண்டாம்.