செக்யூர் பூட்: கம்ப்யூட்டர், ஐபோன், பிக்சல் – எது உறுதி?

ஆன்டிவைரஸ் எல்லாம் விண்டோஸ் எழுந்த பிறகுதான் வேலைக்கு வரும். அதற்கு முந்தைய சில நொடிகளில் ஏதாவது புகுந்துவிட்டால், அப்புறம் திரையில் தெரியும் எதையும் நம்ப முடியாது. அந்த நொடிகளைக் காப்பதுதான் செக்யூர் பூட். அடுத்து ஓடவேண்டிய மென்பொருளில் செல்லுபடியாகும் டிஜிட்டல் கையொப்பம் (யார் தந்தது, இடையில் யாரும் மாற்றவில்லை என்பதைக் காட்டும் முத்திரை) இருந்தால்தான் ஓடவிடும். கம்ப்யூட்டர், ஐபோன், கூகுளின் பிக்சல் போன் மூன்றிலும் அடிப்படை இதுவே. யாருடைய கையொப்பம் செல்லும், ஓட்டையுள்ள பழைய மென்பொருளை எப்படித் தடுப்பது என்பதில்தான் வேறுபடுகின்றன.

மூன்றில் பலவீனமானது கம்ப்யூட்டர்தான். 2012-ல் விண்டோஸ் 8 வந்தபோது இது பரவலானது. பெரும்பாலான கம்ப்யூட்டர்கள் ஏற்பது மைக்ரோசாஃப்ட்டின் கையொப்பத்தை. லினக்ஸ்கூட அவர்கள் கையொப்பமிட்ட ‘ஷிம்’ என்ற சிறு நிரல் வழியாகத்தான் பெரும்பாலும் நுழைகிறது. ஓட்டையுள்ள பூட் கோப்புகளை விலக்க ஒரு தடைப்பட்டியல் உண்டு. ஆனால் அதில் ஒன்றைச் சேர்த்தால் பழைய ரெக்கவரி பென்டிரைவ்கள் பூட் ஆகாமல் போகலாம் என்பதால் சேர்ப்பது தாமதமாகிறது. 2023-ல் அம்பலமான பிளாக்லோட்டஸ் என்ற தீய நிரல் இந்தத் தாமதத்தைத்தான் பயன்படுத்தியது. அது நுழைந்த விண்டோஸ் பூட் ஓட்டையை மைக்ரோசாஃப்ட் 2022 ஜனவரியிலேயே அடைத்துவிட்டது. ஆனால் முறையாகக் கையொப்பமிட்ட பழைய பூட் கோப்பு அப்போது தடைப்பட்டியலில் இல்லை. பிளாக்லோட்டஸ் அந்தக் கோப்பைத் தானே கொண்டுவந்து வைத்து, செக்யூர் பூட் ஆனில் இருக்கும்போதே உள்ளே போனது.

ஐபோனில் ஆப்பிளின் கையொப்பம் மட்டுமே செல்லும். பழைய ஐஓஎஸ்ஸுக்குக் கையொப்பம் தருவதையும் ஆப்பிள் நிறுத்திவிடும், அதனால் பின்னோக்கிப் போக வழியில்லை. சிப்பிலேயே பதிந்த முதல் நிரலில் ஓட்டை வந்தால்தான் சிக்கல். 2019-ல் வெளியான செக்எம்8 அப்படிப்பட்டது. ஐபோன் 4எஸ் முதல் ஐபோன் 10 வரை அப்டேட்டால் சரிசெய்யவே முடியாது. ஆனால் போனைக் கையில் வைத்துக் கேபிளில் இணைத்தால்தான் அது பலிக்கும், ரீஸ்டார்ட் செய்தால் போய்விடும்.

என் ஓட்டு பிக்சலுக்கு. பூட்லோடரை (ஆண்ட்ராய்டை எழுப்பும் நிரலை) அன்லாக் செய்தால் டேட்டா முழுக்க அழிந்துவிடும், எனவே திருடியவனுக்கு உங்கள் படங்கள் கிடைக்காது. வேறு ஆண்ட்ராய்டை ஏற்றி, அதன் கையொப்பத்தைச் சரிபார்க்கும் சாவியைப் பதித்து, மறுபடி லாக் செய்யவும் முடியும். அப்போது பூட் ஆகும்போது மஞ்சள் எச்சரிக்கை வரும். காவலும் இருக்கிறது, உரிமையும் நம்மிடமே இருக்கிறது.

கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்கள் சிஸ்டம் இன்ஃபர்மேஷனைத் திறந்து ‘செக்யூர் பூட் ஸ்டேட்’ ஆனில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால், பயாஸில் (கம்ப்யூட்டரின் அடிப்படை செட்டிங்ஸ் திரையில்) மாற்றும் முன், விண்டோஸின் டிஸ்க் பூட்டான பிட்லாக்கரின் ரெக்கவரி கீயைக் கட்டாயம் எழுதி வைத்துக்கொள்ளுங்கள், மாற்றியபின் அதைக் கேட்கலாம்.